பேனரில் என் முகம்

நவம்பர் 18

காலையில் ட்ரைசைக்கிள் ஆட்டோக்கள் நிற்கும் இடத்தில், என் முகத்துக்கு நேர் கீழே ஒரு நாய் காலைத் தூக்கிக்கொண்டிருந்தது. அந்த நாய் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

பேனர் நேற்றிரவு கட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே கறுப்பி என்று பெயர் வாங்கியவள் நான். என்னை மாவில் புரட்டி எடுத்த மாதிரி வெளுத்திருக்கிறார்கள். பக்கத்தில் கல்லூரி முதலாளி, வக்கீல், அட்டர்னி உர்சால், கையைக் கட்டிக்கொண்டு. “புதிய தலைவர், பழைய பெருமை! செவிலியர் உரிமத் தேர்வில் நூறு சதவீதம் தேர்ச்சி!” நான் கல்லூரித் தலைவராக வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இம்மாதத் தேர்வு முடிவு இன்னும் வரவே இல்லை. நூறு மட்டும் முன்கூட்டியே வந்துவிட்டது.

என் கணவர் போன்சோ பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். இந்தாய் என்றுதான் என்னைச் செல்லமாகக் கூப்பிடுவார். “இந்தாய், முப்பது வருஷம் கப்பல்ல இருந்தேன். உன்னை விட்டுட்டு வந்தோமேன்னு ஏங்குவேன். இப்ப எந்த முக்குல திரும்பினாலும் நீதான் நிக்கிற.” எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 20

முடிவு வராமல் நூறு எப்படித் தெரியும் என்று டீன் மெல்பாவைக் கேட்டேன். குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள். அது ஒன்றும் கடினமில்லை. தேறுவார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்களை மட்டும் எழுத அனுப்புவது. மற்றவர்களுக்குப் பட்டமே கொடுக்காமல் நிறுத்தி வைப்பது. பட்டம் இல்லாமல் உரிமத் தேர்வு எழுத முடியாது. இதற்காகவே நான்காம் ஆண்டின் கடைசியில் கல்லூரி தானே ஒரு சோதனை வைக்கிறது. வாசலில் அதற்கு ஏதோ கௌரவமான பெயர் எழுதியிருக்கிறது. நான் சல்லடை என்று எழுதுகிறேன்.

“எல்லாப் பாடத்துலயும் பாஸ் பண்ணினவங்களையா நிறுத்துறீங்க?”

“ஆமா மேடம். இன்னும் ஒரு வருஷம் மறுபயிற்சி. அதுக்கும் பீஸ் கட்டிடுவாங்க.”

“அதுலயும் சல்லடைல நிக்கலன்னா?”

“இன்னும் ஒரு வருஷம்.”

 மெல்பா கெட்டவள் இல்லை. அதுதான் இதில் இன்னும் கேவலம். “நூறு இல்லன்னா எவன் மேடம் இங்க வருவான்? அரசாங்கக் கல்லூரில சும்மா சொல்லித் தர்றான். நம்ம ரெண்டு டீச்சர் போன மாசம்தான் ஜெர்மனிக்குப் போனாங்க. இருக்கிறவங்களுக்குச் சம்பளம் போடணுமா வேண்டாமா?” என்றாள். 

நவம்பர் 21

நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் முப்பத்தொரு பேர். எல்லாருமே நான் வருவதற்கு முன்னால் நிறுத்தப்பட்டவர்கள். அதில் என்ன ஆறுதல்? இப்போது நாற்காலியில் இருப்பது யார்?

நவம்பர் 24

மறுபயிற்சி வகுப்புக்குப் போனேன். பழைய சரக்கு அறை. மின்விசிறி ஒன்று, அதுவும் சுற்றுவதாகப் பாவனை செய்கிறது. கடைசி வரிசையில் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். தட்டி எழுப்பினேன். மார்லோ. இரவில் ட்ரைசைக்கிள் ஓட்டுகிறானாம். ஒன்றரை வருடமாக இந்த அறையில்தான் இருக்கிறான்.

“ஏன் இன்னும் இங்க இருக்கே? வேற கல்லூரிக்குப் போயிருக்கலாமே?”

“போனா கடைசி வருஷத்த முழுசாத் திரும்பப் படிக்கணும் மேடம். என் கூடப் படிச்ச ஜாய்லின் போனா. எங்க வீட்ல அவ்வளவு தாங்காது.” பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்: “மேடம், ஜனவரிப் பட்டமளிப்புப் பட்டியல்ல எங்க பேர் வருமா?”

பார்க்கிறேன் என்றேன். பார்க்கிறேன்! நாற்காலியில் உட்கார்ந்த எல்லோரும் சொல்கிற அதே வார்த்தை, என் வாயிலிருந்து எத்தனை சுலபமாக வருகிறது. நான் கையெழுத்துப் போட்டாலும் அட்டர்னியும் போட்டால்தான் பட்டம். அவர் குடும்பத்தின் கல்லூரி. அவர் போட மாட்டார்.

நவம்பர் 27

முடிவு வந்தது. எங்கள் பத்தொன்பது பேரும் தேர்ச்சி. மெல்பா கண்ணில் நீர் வர என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் கட்டிக்கொண்டேன். என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு ஒரு செய்தி. நாடு முழுக்க எழுதியவர்களில் ஏழாம் இடம் ஜாய்லின் தபாலெஸ். அக்கரைத் தீவின் அரசுக் கல்லூரி மாணவி. மார்லோ சொன்ன அதே ஜாய்லின்! தேறமாட்டாள் என்று நாம் நிறுத்தி வைத்த பெண்.

மெல்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. “அந்த வருஷம் சோதனை கொஞ்சம் கஷ்டம் மேடம்,” என்றாள்.

நவம்பர் 29

சீ. சீ. சீ.

கல்லூரி வாசலில் புதுப் பேனர். “எங்கள் வீட்டுப் பிள்ளை! தேசத்தில் ஏழாம் இடம்! உர்சால் கல்லூரி பெற்றெடுத்த பெருமை!” அட்டர்னி பெரிதாக, அவருக்குப் பக்கத்தில் நான் பெரிதாக, கீழே ஓரத்தில் தபால்தலை அளவுக்கு அந்தப் பெண். அந்தப் படமும் இங்கே எடுத்த அடையாள அட்டைப் படம். துரத்திவிட்ட பெண்ணின் படத்தைக் குப்பையிலிருந்து பொறுக்கி எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொள்ள எப்படி மனசு வருகிறது? என்னைக் கேட்டார்களா? என் பல்லைக் கேட்டார்களா, இப்படி இளிக்கச் சொல்லி?

இன்னொன்று மார்க்கெட் வாசலிலும் கட்டியிருக்கிறார்கள். அவளுடைய அம்மா அங்கேதான் மீன் விற்கிறாளாம். இதைத் தெரிந்தேதான் கட்டினார்களோ?

நவம்பர் 30

மன்னிப்புக் கேட்கலாம் என்று மார்க்கெட்டுக்குப் போனேன். ஜாய்லினின் அம்மாவை மானாங் பெபாங், அதாவது பெபாங் அக்கா, என்றால் எல்லாருக்கும் தெரிகிறது. பாங்குஸ் மீனுக்குச் செதில் தட்டிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீங்கதானே அது? நேர்ல கறுப்பா இருக்கீங்க.”

“ஆமா மானாங். அந்தப் பேனர்... அது தப்பு. எடுக்கச் சொல்லப் போறேன்.”

“எடுங்க. என் பொண்ணு அழுதுகிட்டே அந்தக் கேட்டைத் தாண்டி வந்தா. அவள நீங்க பெத்தீங்களாமே? அப்ப பிரசவ வலி யாருக்கு வந்துச்சு, அந்த அட்டர்னிக்கா?” பக்கத்துக் கடைக்காரிகள் கெக்கலி கொட்டிச் சிரித்தார்கள். எனக்கு நிலத்தில் புதைந்துவிடலாம் போலிருந்தது. திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

“மேடம்! எடுத்தா தூக்கிப் போட்டுடாதீங்க. எனக்குக் குடுங்க. என் கடைக் கூரை ஒழுகுது. நல்ல கெட்டித் துணி அது.”

டிசம்பர் 1

பேனரை எடுக்கச் சொல்லி அட்டர்னியிடம் போனேன். அவர் அறையில் ஏசி குளிர் எலும்பைத் துளைக்கும். வருடத்துக்கு இரண்டு முறை கல்லூரிக்கு வருவார், மற்றபடி எல்லாம் அந்தக் குளிரிலிருந்துதான்.

“மூணு வருஷம் சோறு போட்டு வளர்த்தது நாம. கடைசி வருஷம் மட்டும் வேற வீட்ல சாப்பிட்டா அவ அவங்க பிள்ளையாயிடுவாளா?” என்றார்.

“நாலு வருஷமும் இங்கதான் படிச்சா, அட்டர்னி. சோறு போடல. பீஸ் வாங்கினோம். தேறமாட்டாள்னு வெளிய நிறுத்தினோம்.”

“அந்த அவமானம்தான் அவளை ஏழாவதாக்குச்சு. நன்றி சொல்லணும் அவ.”

 கையிலிருந்த காப்பியை அவர் சட்டையில் ஊற்றலாமா என்று நிஜமாகவே ஒரு கணம் நினைத்தேன். ஊற்றவில்லை. ஜனவரிப் பட்டியலில் அந்த முப்பத்தொரு பேரைச் சேர்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

“என் அப்பா கட்டின நூறு அது. அதுல ஓட்டை போட நான் உங்களைக் கூட்டிட்டு வரல.” பிறகு அதே மூச்சில், ஜாய்லினுக்கு ஊர்வலம் வைக்க வேண்டுமாம். திறந்த லாரி, பூ, பேண்டு வாத்தியம். “நீங்களே போய் அழைங்க. பொம்பளைப் பிள்ளை, நீங்க சொன்னா கேப்பா.”

டிசம்பர் 4

போனேன். போய்த் தொலைத்தேன்.

ஒல்லியான பெண், கண் மட்டும் கூர்மை. மீன் கூடைகளுக்கு நடுவே உட்கார வைத்தாள். அழைப்பைச் சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசியது. “வரலன்னா நான் உன்னை மதிப்பேன்,” என்றும் சேர்த்துச் சொன்னேன்.

“வர்றேன் மேடம்,” என்றாள்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவளுமா?

“ஆனா தனியா ஏற மாட்டேன். என் கூடப் படிச்சவங்க லாரியில ஏறணும். அந்த அறையில இருக்காங்களே, அவங்க எல்லாரும். வெள்ளை யூனிஃபார்ம்ல.”

“அட்டர்னி விடமாட்டாரே.”

“அவருக்கு அவங்கள்ல யாரையாவது அடையாளம் தெரியுமா மேடம்?”

 அவள் அம்மா மீனைத் தட்டிக்கொண்டிருந்தாள், தட்டுகிற வேகம் குறைந்ததைக் கவனித்தேன்.

டிசம்பர் 8

“ஜாய்லின் தன் தோழர்களோடு வருகிறாள்” என்று அட்டர்னிக்குத் தகவல் அனுப்பினேன். பொய் இல்லை. ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை.

டிசம்பர் 13

ஊர்வலம்.

லாரியில் முப்பத்தொரு பேர், வெள்ளை உடை, வெள்ளைத் தொப்பி. நடுவில் ஜாய்லின். அவள் தோளில் கை போட்டபடி அட்டர்னி. ஒலிபெருக்கியை யாரிடமும் கொடுக்கவில்லை. “பாருங்கள் மக்களே! இவர்கள் எல்லாரும் உர்சாலின் செவிலியர்கள்! என் பிள்ளைகள்!” இனிப்பை அள்ளி அள்ளி வீசினார். மார்லோவின் கன்னத்தைக் கிள்ளினார். மார்லோ! யாரென்று தெரியாமலே அவன் தொப்பியைக்கூட நேராக்கிவிட்டார்.

மெல்பா என் பின்னால் ஜீப்பில் இருந்தாள். பேப்பர் மாதிரி வெளுத்துப்போயிருந்தாள்.

“மேடம், இவங்களை யார் ஏத்தினது? இவங்க பட்டமே வாங்கலையே!”

“அட்டர்னிகிட்ட போய்ச் சொல்லுங்களேன்.”

“இப்பவா? மைக்ல பேசிட்டிருக்காரு. ஊரே பாக்குது!”

அவள் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் முதலாளியை நாலு பேர் முன்னால் “நீங்க தப்பு” என்று சொல்வதைவிட விஷம் குடிப்பது மேல். அந்த வழக்கத்தை எத்தனை வருடமாகத் திட்டியிருக்கிறேன்! இன்று அதன் முதுகில்தான் ஏறிச் சவாரி செய்தேன். இனிக்கவும் செய்தது, அருவருப்பாகவும் இருந்தது.

டிசம்பர் 15

அட்டர்னி தானே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். லாரிப் படம். முப்பத்தொரு முகமும் பளிச்சென்று. மேலே, “உர்சாலின் செவிலியர்கள், உலகுக்கு எங்கள் பரிசு.” அடுத்த வருடச் சேர்க்கைக்கான பேனர். அச்சுக்குப் போகுமுன் என் ஒப்புதலுக்கு வந்தது.

ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு போன் செய்தால் போதும், அவரைக் காப்பாற்றலாம். செய்யலாமா? இந்தப் பிள்ளைகள் மே மாதம் எழுதிப் பாதிப் பேர் தோற்றால்? நூறு போனால் சேர்க்கை போகும், சேர்க்கை போனால் மெல்பாவின் சம்பளம் போகும். அது நிஜம். அட்டர்னி முட்டாள், ஆனால் அவர் பயம் முட்டாள்தனமில்லை. இதை எழுதாமல் விட்டால் நானும் பேனர்தான்.

சரி என்று அனுப்பிவிட்டேன். போன்சோவிடம் சொன்னபோது, “கப்பல்ல இதுக்குப் பேர் கலகம்,” என்றார். பிறகு எனக்குப் பிடித்த பாச்சோய் நூடுல்ஸ் சூப் வைத்துக் கொடுத்தார்.

டிசம்பர் 18

பதினோரு ஊர்களில் பேனர் தொங்குகிறது.

மார்லோ வீட்டில் பன்றி சுட்டு ஊருக்கே சாப்பாடு. இன்னொரு பெண்ணின் பெயரைப் பாதிரியார் பூசையில் வாசித்து வாழ்த்தினாராம். மேயர், உர்சால் கல்லூரியின் புதிய செவிலியர்கள் அத்தனை பேரையும் நகர மண்டபத்தில் கௌரவிக்கப் போகிறாராம். பெற்றோர்கள் கல்லூரி வாசலில் கேக்கோடு நிற்கிறார்கள். “பட்டமளிப்பு என்னிக்கு மேடம்?” என்று ஒவ்வொருத்தரும் கேட்கிறார்கள். அட்டர்னியைக் கேளுங்கள் என்கிறேன். கேட்கப் போகிறார்கள், கேக்கோடு.

டிசம்பர் 19

கூப்பிட்டார். இன்று அறையில் குளிர் போதவில்லை போலிருக்கிறது, வியர்த்திருந்தது.

“யார் இவங்க?”

“உங்க பிள்ளைங்க, அட்டர்னி. நீங்கதான் மைக்ல சொன்னீங்க.”

“எனக்குத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“மெல்பாவுக்கு?”

பட்டியலை அவர் பக்கம் நகர்த்தினேன். அவளை ஏன் இழுக்க வேண்டும்?

 மேயரிடம் போய் அவர் என்ன சொல்வது? இவர்கள் நர்ஸ் இல்லை, நான் யாரென்று தெரியாமல் கன்னத்தைக் கிள்ளினேன் என்றா? பட்டியலை இழுத்து, முப்பத்தொரு பெயருக்கும் கீழே கையெழுத்துப் போட்டார். பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது.

“இவங்க என் நூறை உடைச்சா, நீங்க வீட்டுக்குப் போறீங்க.”

சரி என்றேன். வெளியே வந்ததும் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன். சந்தோஷம் என்று நினைத்தேன், இல்லை, பயம்தான்.

ஜனவரி 23

பட்டமளிப்பு. மார்லோவின் அம்மா முழங்காலிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள். எழுந்திரும்மா, இது அவனுடையது, நாங்கள் ஒளித்து வைத்திருந்தோம் என்று சொல்ல நினைத்தேன். மேடையில் அட்டர்னி பக்கத்தில் இருந்தார். சொல்லவில்லை. கோழை.

ஜாய்லின் பேனரை இறக்கிவிட்டார்கள், புதியதற்கு இடம் வேண்டுமே. மார்க்கெட் வாசலில் இருந்ததைச் சுருட்டி மானாங் பெபாங்குக்கு அனுப்பினேன்.

மார்ச் 11

சரக்கு அறையைப் பூட்டிவிட்டேன். இவர்களுக்கு மாடியில் நல்ல அறை, இரண்டு மின்விசிறி. காலை வகுப்பை நானே எடுக்கிறேன், பேறுகாலச் செவிலியம். எத்தனை வருடம் ஆயிற்று சாக்பீஸ் தொட்டு! இன்று மார்லோ குழந்தை தலை திரும்பாத பிரசவத்தை அத்தனை தெளிவாகச் சொன்னான். எழுதச் சொன்னால் நடுங்குகிறான். போன வாரம் மெல்பாவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் தானாகவே சாயங்கால வகுப்பை எடுத்துக்கொண்டாள். நாங்கள் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

முதல் தடவையாக ஒரு நாள் முழுக்க எனக்கு எதன் மேலும் அருவருப்பு வரவில்லை. குறித்து வைக்கிறேன்.

மே 2

எழுதப் போய்விட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மே 20

முப்பத்தொரு பேரில் இருபத்து நான்கு.

இருபத்து நான்கு பேர் நர்ஸ்! ஒன்றரை வருடம், இரண்டு வருடம் மூட்டை போல அடுக்கி வைத்திருந்த இருபத்து நான்கு நர்ஸ்கள்! மெல்பா அழுதாள். போன தடவை அழுத அழுகை இல்லை இது.

மார்லோ இல்லை. பட்டியலை மூன்று முறை பார்த்தேன்.

மாலையில் அட்டர்னியிடமிருந்து ஒரே ஒரு செய்தி. “எழுபத்தேழு சதவீதம்.” அவ்வளவுதான்.

ஜூன் 5

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. புதுத் தலைவர் அட்டர்னியின் மருமகன். எஞ்சினியர், சிமெண்ட் வியாபாரம். என் மேசையைக் காலி செய்யுமுன் அவர் பேனர் வாசலில் ஏறிவிட்டது. அவரையும் வெளுத்திருக்கிறார்கள். “புதிய தலைவர், புதிய உயரம்!” சதவீதம் எதுவும் போடவில்லை. கிளம்பும்போது மெல்பாவைக் கேட்டேன், சோதனை மறுபடி வருமா என்று. கீழே பார்த்தபடியே, “தெரியல மேடம். இப்ப பெத்தவங்க கேள்வி கேக்கிறாங்க,” என்றாள்.

ஜூலை 7

மழை. கருவாடும் தக்காளியும் வாங்க மார்க்கெட். வேலை இல்லாதவளுக்குப் பை கனமாக இருக்கிறது.

ட்ரைசைக்கிள் நிறுத்தத்தில் மார்லோ ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவனாகவே சொன்னான்: “நவம்பர்ல திரும்ப எழுதுறேன் மேடம். பேர் குடுத்துட்டேன். யாரையும் கேக்க வேண்டியதில்லையே இப்ப.” சொல்லிவிட்டுச் சிரித்தான். நிஜமாகவே சிரித்தான்.

மானாங் பெபாங் கடையில் ஒதுங்கினேன். ஜாய்லின் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாளாம். பேசிக்கொண்டே நிமிர்ந்தேன். தலைக்கு மேலே நான். வெளுத்த முகம், இளித்த பல், மூங்கில் கம்பு ஒன்று காது வழியாகப் போகிறது. மழை என் நெற்றியில் விழுந்து கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

“அட்டர்னி எங்கே?”

“அந்தப் பாதி கீழே. மீன் கழுவுற இடம் வழுக்குதுன்னு காலுக்கு விரிச்சிட்டேன். என் பொண்ணு இருந்த துண்ட வெட்டி வீட்ல மாட்டியிருக்கேன்.” பாங்குஸைக் கட்டிக் கொடுத்தாள். “வேலை போச்சாமே?”

“போச்சு மானாங்.”

அவள் அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாள், மேலே இருந்த முகத்தை.

“மூணு வாரமா விடாத மழை மேடம். ஒரு சொட்டு ஒழுகல.”